கணினி கேள்வி-பதில்: அறியா வினாவிலிருந்து ஐய வினாவுக்கு

சென்ற இதழில் மென்பொருள் பிழைகளைப் பற்றி எழுதியபோது, நம்மால் தீர்க்க இயலாததை இணையக் குழுக்களில் கேட்கலாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவைதாம். கேட்டுப் பார்த்து மனம் நொந்தவர்கள், கேட்கவே அஞ்சுகிறவர்கள், பதில் சொல்லிச் சலித்துப்போனவர்கள் என மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. எங்கள் துறை நூலகத்துக்காகப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதுகிறேன். புத்தகப் பட்டியலைக் கோப்பிலிருந்து வாசிக்கும் இடத்தில் பிழை வருகிறது. நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் "பைத்தான் வேலை செய்யவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று தலைப்பிட்டு, திரையைக் கைப்பேசியில் படமெடுத்து இணைத்துக் கேட்டேன். பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் எதிர்வாக்குப் போட்டார்கள். சிறிது நேரத்தில் கேள்வியையே மூடிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களை இப்படித்தான் நடத்துவதா? நான் செய்த தவறு என்ன?
— மாணவி, கிழக்குத் தாம்பரம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. மூடியவர்களில் ஒருவராவது, இன்னின்ன விவரங்களைச் சேர்த்தால் பதில் சொல்ல முடியும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதெல்லாம் நீங்கள் செய்ய வேண்டிய திருத்தங்களைப் பற்றியது.

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தபோது வினா ஆறு வகைப்படும் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இவற்றுள் நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு. ஒன்றும் தெரியாத நிலையில் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று இரண்டுக்கு நடுவே நின்று கேட்பது ஐய வினா. அங்கே கிடப்பது பாம்பா கயிறா என்பது வகுப்பில் சொல்லித்தரும் எடுத்துக்காட்டு. நிரல் நின்றுபோகும் கணத்தில் நம் எல்லோருடைய கேள்வியும் அறியா வினாதான்: ஏன் ஓடவில்லை? அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அந்த நிலையிலேயே அதைப் பிறர் முன் கொண்டுபோய் வைத்தால், பாம்பா கயிறா என்று பார்க்கும் வேலை முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது. அவர்களோ இருட்டில் நிற்கிறார்கள். நிரலும் கோப்பும் கணினியும் உங்களிடம் இருக்கின்றன. விளக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. அறியா வினாவை நம்மால் இயன்றவரை ஐய வினாவாக்கிக்கொண்டு போய்க் கேட்பதே, உதவி கேட்கிறவர் காட்ட வேண்டிய மரியாதைகளில் முதன்மையானது என்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் நிரல் எழுதிய அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன். பணிவான சொற்களெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

உங்கள் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய கோப்பையும் பிழைச்செய்தியையும் பார்த்தேன். பட்டியலின் முதல் வரி "நூல், ஆசிரியர், ஆண்டு" என்று தொடங்குகிறது. பிழைச்செய்தியின் கடைசி வரி, 11-ஆம் இடத்தில் உள்ள 8டி என்ற பைட்டை வாசிக்க இயலவில்லை என்கிறது. தளத்தில் நீங்கள் இணைத்த புகைப்படத்தில் இந்த வரி பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. விடை முழுவதும் அந்த வரியில்தான் இருந்தது.

ஒருங்குறியில் (யூனிகோடு) எழுதியதை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் எடுத்துக்கொள்கிறது. "நூல்" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என நான்கு குறிகள். ஆகப் பன்னிரண்டு பைட்டுகள். கணினி வழக்கப்படி சுழியத்திலிருந்து எண்ணினால் 11-ஆம் இடத்தில் இருப்பது பன்னிரண்டாவது பைட், அதாவது லகரத்தின் தலைமேல் உள்ள புள்ளியின் மூன்றாவது பைட். உங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் கணினி. கோப்பின் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிய முறை, எதுவென்று நிரலில் சொல்லாதபோது, உங்களிடமுள்ள பைத்தான் 3.11 அந்தக் கணினியின் இயல்பான குறியாக்கத்தைக் கொண்டு வாசிக்கத் தொடங்குகிறது. உங்கள் கணினியில் அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252. அந்த அட்டவணையில் 8டி என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதற்கு முந்தைய பதினொரு பைட்டுகளுக்கும் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தோ குறியோ தவறாகப் பொருந்திவிட்டதால் நிரல் ஓசையில்லாமல் நகர்ந்துவந்து, புள்ளியில் முட்டி நின்றுவிட்டது.

கல்லூரி ஆய்வகத்தில் இதே நிரல் ஒழுங்காக ஓடியது என்று உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் முதல் வரியில் இருந்திருக்க வேண்டியது அது. ஆய்வகக் கணினிகளில் இருப்பது லினக்ஸ். அங்கே இயல்பாகவே யூடிஎஃப்-8 வாசிக்கப்படுகிறது. ஓரிடத்தில் ஓடுகிறது, இன்னோரிடத்தில் ஓடவில்லை என்றவுடனே பாம்பு ஒரு பக்கமும் கயிறு ஒரு பக்கமுமாகத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது: நிரலில் தவறா, இரண்டு கணினிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் தவறா? கோப்பைத் திறக்கும் கட்டளையிலேயே குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுங்கள். சிக்கல் தீர்ந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வியை எப்படிக் கேட்டிருக்கலாம் என்று பாருங்கள். தலைப்பு: "விண்டோஸில் தமிழ் உரைக்கோப்பை வாசிக்கும்போது பைத்தான் 3.11, 8டி பைட்டில் நின்றுவிடுகிறது, லினக்ஸில் ஓடுகிறது." அதன் கீழே, சிக்கலைக் காட்டப் போதுமான மூன்று வரி நிரல், உங்கள் முந்நூறு வரி நிரலில் மற்றவை எதுவும் வேண்டாம். கோப்பின் முதல் இரண்டு வரிகள். பிழைச்செய்தி முழுவதும், ஒரு சொல்கூட மாற்றாமல், எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டியது. கோப்பு கெட்டுப்போயிருக்குமோ என்று பார்த்தேன், வேறு செயலியில் சரியாகத் திறக்கிறது என்ற ஒரு குறிப்பு. இவ்வளவுதான். இதை எழுதுவதற்குள் பாதிப் பேர் விடையைத் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள். முந்நூறு வரியை மூன்று வரியாகச் சுருக்கும் வேலையே சிக்கலின் வேரை வெளியே இழுத்துப் போட்டுவிடும்.

புகைப்படத்தை ஏன் வெறுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்திலுள்ள நிரலை யாரும் நகலெடுத்து ஓட்டிப்பார்க்க முடியாது. நாளை இதே பிழையில் சிக்குகிறவர் தேடினால் படத்துக்குள் இருக்கும் சொற்கள் அகப்படாது. பார்வையற்ற நிரலாளர்கள் திரைவாசிப்பான் உதவியோடு இந்தத் தளங்களில் பதில் சொல்லி வருகிறார்கள். உங்கள் படம் அவர்களுக்கு வெற்றிடம். இந்த மூன்றாவது காரணம் ஒன்றுக்காகவே படத்தை விட்டொழிக்கலாம்.

"அவசரம்" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். அடுத்த நாள் ஆய்வு இருந்திருக்கலாம். உங்கள் அவசரம் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் கேட்கப்படுகிறவர் ஊதியம் வாங்காமல், தம் வேலைக்கு இடையே கிடைத்த கால் மணி நேரத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர். அதே பக்கத்தில் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் அவரவர் அவசரம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவரும் 2008-இல் தொடங்கிய அந்தத் தளம், உதவி மையத்தைவிட உங்கள் துறை நூலகத்துக்கே நெருங்கியது. ஒரே கேள்விக்கு ஒரு பக்கம் போதும், பின்னால் வருகிறவர்கள் அதைத் தேடிக் கண்டுகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் அமைத்தது. அதனால்தான் ஏற்கெனவே கேட்கப்பட்டவற்றையும் தெளிவில்லாதவற்றையும் மூடுகிறார்கள். மூடப்பட்ட கேள்வி செத்துப்போன கேள்வி என்று நினைக்க வேண்டாம். அதைத் திருத்தி எழுதினால் மீளாய்வுக்குப் போகும், மறுபடியும் திறக்கப்படலாம். புதிய கேள்வியாக இன்னொரு முறை போடாதீர்கள்.

கேள்வி: பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ்வழியில் படித்து, பிறகு பட்டயப் படிப்பு முடித்தவன் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தின் சரக்கிருப்புக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயத்தில் இதுவரை எங்கும் கேட்டதில்லை. தமிழில் கேட்க இடமுண்டா? ஆங்கிலத்தில் கேட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, முதலில் இதை மனத்தில் வையுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் தாய்மொழி ஸ்வீடிஷ். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1991 ஜூலையில், ஒரு குறிப்பிட்ட தரநிலை ஆவணம் எங்கே கிடைக்கும் என்று இணையக் குழு ஒன்றில் ஆங்கிலத்தில் கேட்டார். ஆகஸ்ட் 25 அன்று அதே குழுவில், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், மற்றவர்கள் அதில் என்னென்ன எதிர்பார்க்கிறார்கள் என்றும் கேட்டு எழுதினார். பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ராசம் நெதர்லாந்துக்காரர். ரூபி மொழி ஜப்பானில் பிறந்து, தொடக்கத்தில் ஜப்பானிய மொழியிலேயே பேசப்பட்டு வளர்ந்தது. இந்த உலகில் ஆங்கிலம் இரவல் மொழியாக இருப்பவர்கள் மிகப் பலர். இலக்கணப் பிழைக்காக உங்களை யாரும் ஒதுக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்தாலும் அது அவர்களுடைய சிறுமை. பிழைச்செய்தியை அப்படியே ஒட்டிவிட்டீர்கள் என்றால் கேள்வியின் பாதி எந்த மொழிக்கும் பொதுவாகிவிடும். மீதியைச் சிறு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள்: இதைச் செய்தேன். இதை எதிர்பார்த்தேன். இது நடந்தது.

கவனிக்க வேண்டியது நம் ஊர் ஆங்கிலத்தைத்தான். நாம் கேள்விக்கும் சந்தேகத்துக்கும் சேர்த்து "டவுட்" என்கிறோம். "உங்கள் பதிலில் எனக்கு ஒரு டவுட்" என்று சென்னையில் சொன்னால், இன்னும் கொஞ்சம் விளக்குங்கள் என்று பொருள். அதையே ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவர் படித்தால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று புரிந்துகொள்வார். நல்லெண்ணத்தோடு எழுதியவருக்கு முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்; இரண்டு பக்கமும் ஏன் என்று தெரியாமலே மனத்தாங்கல். "கொஸ்டின்" என்றே எழுதுங்கள். அதேபோல் "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்க வேண்டாம். பதில் சொல்லப்போகிறவர் பெண்ணாகவும் இருக்கலாம், உங்களைவிட இளையவராகவும் இருக்கலாம். அங்கே மரியாதை என்பது விவரங்களை ஒழுங்காகத் தருவதுதான்.

தமிழில் கேட்கவும் இடமுண்டு. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவுக்கு ஸ்பானியம், போர்த்துக்கீசியம், ரஷ்யம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித்தளங்கள் இருக்கின்றன, தமிழில் இல்லை. ஆனால் சென்னையில் நெடுங்காலமாக இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழுவிலும், கணியம் போன்ற கட்டற்ற மென்பொருள் முயற்சிகளைச் சுற்றியுள்ள வட்டங்களிலும் தமிழில் கூச்சமின்றிக் கேட்கலாம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் நலம் விசாரித்து, தண்ணீர் குடித்து, அதன் பிறகே வந்த காரியத்தைச் சொல்வது நம் பழக்கம். அதே பழக்கத்தில் குழுக்களிலும் "வணக்கம் அண்ணா, ஒரு உதவி" என்று எழுதிவிட்டு, யாராவது "சொல்லுங்க" என்று சொல்லும்வரை காத்திருக்கிறார்கள். காலையில் எழுதிய வணக்கத்துக்கு மதியம் ஒருவர் பதில் சொல்லி, மாலையில் கேள்வி வந்து, அதற்குள் மதியம் பதில் சொன்னவர் வீட்டுக்குப் புறப்பட்டிருப்பார். வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். அண்ணா என்று அழைப்பதில் தவறே இல்லை.

கேள்வி: அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், எழுபது வயதாகிறது. என் மடிக்கணினியில் பேரன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தந்தான். ஒரு குழுவில் "இதில் தமிழ் எழுத்துரு நிறுவுவது எப்படி?" என்று கேட்டேன். ஒருவர் "எதற்காக நிறுவ வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார். இன்னொருவர் ஏதோ ஓர் ஆவணத்தின் இணைப்பைப் போட்டு, "படித்துப் பாருங்கள்" என்று முடித்துக்கொண்டார். வயதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஐயா, இரண்டு பதில்களும் உங்களைக் காயப்படுத்தியிருப்பது புரிகிறது. ஆனால் அவற்றை எழுதியவர்கள் உங்களை அவமதிக்க எண்ணியிருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன். தாம்பரத்து மாணவிக்கு வினா ஆறு வகை என்று எழுதினேன். விடை எட்டு வகை என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றுள் ஒன்று ஏவல் விடை. இது செய்வாயா என்று கேட்டால் நீயே செய் என்பது. அதையும் நம் இலக்கணக்காரர்கள் விடையென்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆவணத்தின் இணைப்பைக் கொடுத்து படியுங்கள் என்பது அந்த வகை. எந்தப் பக்கத்தில் எந்தப் பத்தி என்று சேர்த்துச் சொன்னால் அது நல்ல விடை. ஆவணம் முழுவதையும் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் அரைகுறை விடை. உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை, அதற்காக அவரிடம் "எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்?" என்று தயங்காமல் திருப்பிக் கேட்கலாம்.

"எதற்காக?" என்று கேட்டவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உண்மையில் உதவ வந்தவர் அவர்தான். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் பிற்பகுதியில், அலுவலகத்தில் பழகிய தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதே உங்கள் தேவை என்று தெரிகிறது. ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் எழுத்துருவும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எழுத்துருவை நிறுவினால்தான் தமிழில் அடிக்க முடியும். அந்த அனுபவத்தில் எழுத்துருவைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குழுவில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால், நீங்கள் நாலைந்து எழுத்துருக்களை நிறுவிவிட்டு இன்னமும் ஆங்கிலத்திலேயே தட்டிக்கொண்டிருப்பீர்கள். உபுண்டுவில் ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவி, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் உள்ளீட்டு மூலமாகத் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட அதே விசைப்பலகைதான். உங்கள் விரல்கள் அதை மறந்திருக்காது.

எனவே கேட்கும்போது, தாம் தேர்ந்துகொண்ட வழியை மட்டும் கேட்காமல், போய்ச்சேர வேண்டிய இடத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. பாரிமுனைக்குப் போக வேண்டியவர் கிண்டியில் நின்றுகொண்டு தாம்பரம் ரயில் எந்த நடைமேடை என்று கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர் அவரை எதிர்த்திசையில் ஏற்றி அனுப்பிவிடுவார். எங்கே போக வேண்டும் என்று நின்று கேட்கிறவரே நமக்கு வேண்டியவர்.

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அலுவலக நிரலில் வரும் சிக்கலைப் பொதுவெளியில் கேட்கலாமா?
— வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: நிறுவனத்தின் நிரலை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. அது உங்கள் சொத்தன்று, வேலைக்கே ஆபத்தாகலாம். சிக்கலைக் காட்டும் சிறிய மாதிரி ஒன்றைப் புதிதாக எழுதி, வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், சேவையகத்தின் முகவரி எல்லாவற்றையும் கற்பனை விவரங்களாக மாற்றிக் கேளுங்கள். கடவுச்சொல்லோ அணுகல் திறவுகோலோ தவறிப் போய்ப் பொதுவில் ஏறிவிட்டால் அந்த வரியை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் பழைய பதிப்புகள் வரலாற்றில் தங்கியிருக்கும். திறவுகோலையே உடனே செல்லாததாக்கிப் புதியது வாங்குங்கள். மேலதிகாரியிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் ஒரு தமிழ் நிரலாக்கக் குழுவில் மூன்று ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறேன். ஒரே கேள்வி வாரம் தோறும் வருகிறது. பொறுமை இழந்து, "கூகுளில் தேடத் தெரியாதா?" என்று எழுதிவிடுகிறேன், பிறகு வருத்தமாக இருக்கிறது. இப்போது சிலர் சாட்ஜிபிடி தரும் பதிலை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். விலகிவிடலாமா என்று தோன்றுகிறது.
— வாசகர், வேளச்சேரி

பதில்: மூன்று ஆண்டு என்பது பெரிய கொடை. சலிப்பு வருவது இயல்பு. ஆனால் சலிப்போடு எழுதிய ஒரு வரியால், முதல் முறையாகத் துணிந்து கேட்ட ஒருவர் இனி எங்குமே கேட்காமல் போய்விடக்கூடும். அம்பத்தூர் வாசகரைப் போன்றவர்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டே கேட்காமல் திரும்பிப் போயிருப்பார்கள். பதில் சொல்ல மனமில்லாத நாளில் பேசாமல் இருப்பது மரியாதைக் குறைவே ஆகாது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் கடமையை உங்களுக்கு யாரும் விதிக்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விக்கு ஒரு முறை நன்றாக எழுதி, குழுவின் மேற்பகுதியில் பொருத்திவைத்து, அடுத்த முறை அந்த இணைப்பை மட்டும் கொடுங்கள். "தேடத் தெரியாதா" என்பதற்குப் பதிலாக, எந்தச் சொற்களைக் கொண்டு தேடினால் கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவருக்கு உண்மையில் தெரியாதது அதுதான். பிழைச்செய்தியின் கடைசி வரியில் தம் கோப்பின் பெயரை நீக்கிவிட்டு மீதியைத் தேட வேண்டும் என்பதுகூடப் பலருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. தனிச்செய்தியில் வந்து கேட்கிறவர்களைப் பொதுவில் கேட்கும்படி அன்போடு திருப்பி அனுப்புங்கள். பொதுவில் சொன்ன பதிலைப் பத்துப் பேர் படிப்பார்கள். தவறிருந்தால் ஒருவர் திருத்துவார்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி: சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. ஒரு வாரத்துக்குள்ளேயே ஸ்டேக் ஓவர்ஃப்ளோ அது தரும் பதில்களை இடுவதற்குத் தடை விதித்தது. பார்வைக்குச் சரியாகத் தோன்றி, உள்ளே தவறாக இருக்கும் பதில்கள் எளிதாகக் குவிந்துவிடுகின்றன என்பதே அவர்கள் சொன்ன காரணம். உங்கள் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது எளிய விதி ஒன்று: தாம் ஓட்டிப் பார்க்காத எதையும் பதில் என்று யாரும் ஒட்டக் கூடாது. கேட்கிறவர், குழுவுக்கு வருமுன் அதனிடம் கேட்டுப் பார்த்திருந்தால் அது நல்ல முயற்சிதான். அது என்ன சொன்னது, அதைச் செய்தபோது என்ன நடந்தது என்பதையும் கேள்வியில் சேர்த்து எழுதட்டும்.

விலக வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? பதில் கிடைத்த பின் "நன்றி" எழுத வேண்டுமா? சில தளங்களில் நன்றிச் செய்திகள் வேண்டாம் என்கிறார்களே?
— வாசகி, போரூர்

பதில்: உலகெங்கும் உள்ளவர்கள் படிக்கும் இடமென்றால் ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். கோடைக்காலத்தில், நமக்கு இரவு ஒன்பது மணி ஆகும்போது நியூயார்க்கில் காலை பதினொன்றரை. இங்கே காலையில் கேட்டால் அவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வரவில்லையென்று அதே கேள்வியை நான்கு இடங்களில் போடாதீர்கள். ஓரிடத்தில் தீர்ந்துபோனதை அறியாமல் மற்ற மூன்று இடங்களில் யாராவது தம் மாலைப்பொழுதைச் செலவிட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் கழித்தும் பதில் இல்லையென்றால், இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் கண்டுபிடித்த புதிய விவரம் ஒன்றைச் சேர்த்து நினைவூட்டுங்கள்.

நன்றியைப் பொறுத்தவரை, ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் அதைச் சொற்களில் எழுதத் தேவையில்லை. உதவிய பதிலின் அருகே உள்ள சரிக்குறியை அழுத்தி ஏற்றுக்கொண்டாலே போதும், அதுவே நன்றி. நம் தமிழ்க் குழுக்களில் தாராளமாக நன்றி சொல்லுங்கள். எங்கானாலும், அதைவிட முக்கியமானது, எது செய்ததால் சரியானது என்று ஒரு வரி எழுதிவைப்பது. "சரியாகிவிட்டது, நன்றி" என்று முடித்துக்கொண்டால் அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2004-இல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். என்னிடம் இருந்த பழைய கணினியில் லினக்ஸ் நிறுவியபோது ஒலி அட்டை வேலை செய்யவில்லை. இணைய வசதி அறையில் இல்லாததால், தெருமுனை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஒரு குழுவில் கேள்வியை எழுதினேன். முகமறியாத ஒருவர், இரண்டு கட்டளைகளை ஓட்டி அவை காட்டுவதை அனுப்பச் சொன்னார். அறைக்குத் திரும்பி, ஓட்டி, விளைவை நெகிழ்வட்டில் சேமித்து, மறுநாள் மீண்டும் சென்டருக்குப் போய் அனுப்பினேன். இப்படியே மூன்று நாள் நடந்தது. அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, அவர் சொன்ன ஓர் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் அறையில் பாட்டு ஒலித்தது. அந்த மகிழ்ச்சியில் நான் திரும்பிப் போய் ஒன்றும் எழுதவில்லை. மறுவாரம் வேறு வேலை வந்துவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து வேறு எதையோ தேடியபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. என் கேள்வியின் கீழே அவர், "சரியானதா?" என்று கேட்டிருந்தார். அதற்கும் கீழே இன்னொருவர், தம்மிடமும் அதே அட்டை இருப்பதாகவும், அதே சிக்கல் வருவதாகவும், எனக்கு எப்படித் தீர்ந்தது என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். அவர் கேட்டு அப்போதே நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று இரவே இருவருக்கும் பதில் எழுதினேன். கோப்பின் பெயர் நினைவில் இருந்தது. கணினியை எப்போதோ விற்றுவிட்டதால், எந்த வரியை மாற்றினேன் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.